எந்தப் பக்கம் சாய்கிறது கோடு?

மூக்கின் மேல் ஒரு வரலாறு – 9

சிதம்பரத்தில் வழி கேட்டால் பதிலாகத் திசைதான் வரும். கீழவீதி, மேலவீதி, தெற்குவீதி, வடக்குவீதி என்று தேரோடும் நான்கு வீதிகளுக்கும் திசையே பெயர். அப்படிப்பட்ட ஊரில், தெற்குவீதிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடையின் இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, திசை தெரியாமல் விழித்தவன் நான்.

அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். இரவில் ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு நடந்து வரும்போது ஒவ்வொரு தெருவிளக்குக்கும் சாய்வாக ஒரு வால் முளைத்திருக்கும். உலகத்தில் எல்லோருக்கும் விளக்கு அப்படித்தான் தெரியும் என்று பல வருடம் நம்பியிருந்தேன். கூட வந்த நண்பன் "வாலா? எங்கடா வால்?" என்று கேட்ட பிறகுதான் கடைக்குப் போனேன்.

சுவரில் கடிகார முகப்பு போல ஒரு படம். முள் கிடையாது. நடுவிலிருந்து மணிக்கு ஒன்றாகக் கோடுகள் விரிந்திருந்தன. "எந்தக் கோடு நல்லா கறுப்பா, அழுத்தமா தெரியுது தம்பி?" என்றார் கடைக்காரர். 5-க்கும் 11-க்கும் நடுவே ஓடும் கோடுதான் அழுத்தமாகப் பட்டது. ஆனால் ஏதோ தயக்கம். சாய்ந்த கோட்டைச் சொன்னால் தப்பான விடையாகிவிடுமோ? நேராக நிற்பதுதானே ஒழுங்கான கோடு? "12-6 சார்" என்றேன். அவரும் நம்பி எழுதிக்கொண்டார். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது தெற்குவீதி எதிலோ மோதியது போல ஒருக்களித்துக் கிடந்தது. விளக்குகளின் வால் போகவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஏன் அப்படி என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறகு வருகிறேன்.

சென்ற இதழில் பெஞ்சமின் பிராங்க்ளின் இரண்டு கண்ணாடிகளை வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டதைப் பார்த்தோம். அதுவரை கண்ணாடியால் சரிசெய்யத் தெரிந்த குறை இரண்டே: கிட்டத்தில் தெரியவில்லை, தூரத்தில் தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து உருண்டையான வில்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதற்குப் பெயரும் இல்லை, மருந்தும் இல்லை. நூல்தமிழில் பார்வைச் சிதறல் என்கிறோம். கடையில் போய் அப்படிச் சொன்னால் விளங்காது. அங்கே அதற்குப் பெயர் "சிலிண்டர்".

நம் பக்கத்துப் பொருளை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைப் படுக்கவைத்துக் கையால் தடவிப் பாருங்கள். நீளவாக்கில் வளைவு குறைவு, குறுக்குவாக்கில் வளைவு அதிகம். நல்ல கருவிழி பந்தின் ஒரு துண்டு போல இருக்கும். சிதறல் உள்ள கருவிழி பலாப்பழத்தின் விலாவிலிருந்து வெட்டிய துண்டு போல இருக்கும். ஒரு திசையில் வரும் ஒளி ஒரு தூரத்தில் குவியும், அதற்குக் குறுக்கே வரும் ஒளி வேறு தூரத்தில் குவியும். புள்ளி, புள்ளியாக விழாமல், கோடாக இழுபடும். இதைச் சரிசெய்ய ஒரு திசையில் மட்டும் வளைந்த, உருளையிலிருந்து சீவி எடுத்தது போன்ற வில்லை வேண்டும். சிலிண்டர் என்ற பெயர் அதனால் வந்ததுதான். வில்லையின் வலிமையைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதை எந்தத் திசையில் வைப்பது என்பது மீதிப் பாதி. இந்த வாரக் கதை முழுக்க அந்தத் திசையைத் தேடியவர்களின் கதை. அவர்களில் முதல் இருவரும் நோயாளியைத் தேடி எங்கும் போகவில்லை. தங்கள் கண்ணையே சோதித்துக்கொண்டார்கள்.

முதலாமவர் தாமஸ் யங். எகிப்தின் ரொசெட்டா கல்லோடு மல்லுக்கட்டிய அதே யங். ஒளி அலையாகப் பரவுகிறது என்று வாதாடிய அதே யங். 1800 நவம்பரில், 27 வயதில், லண்டன் ராயல் சொசைட்டியில் கண்ணின் இயக்கம் பற்றி ஓர் உரை படித்தார். அடுத்த ஆண்டு அது அச்சானது. அவர் கருவி எளிமையானது. நீளமாக ஒரு கோடு, கண்ணருகே இரண்டு மெல்லிய பிளவுகள். பிளவுகள் வழியே பார்த்தால் கோடு இரண்டாகத் தெரியும். கண் எந்தத் தூரத்துக்குக் குவிந்திருக்கிறதோ அந்த இடத்தில் இரண்டும் வெட்டிக்கொள்ளும். பிளவுகளை ஒரு முறை ஒரு திசையிலும் மறுமுறை அதற்குக் குறுக்காகவும் வைத்துப் பார்த்தார். செங்குத்துத் திசையில் அவர் கண் 10 அங்குலத்தில் குவிந்தது, கிடைத்திசையில் 7 அங்குலத்தில். ஒரே கண், இரண்டு தூரம். வில்லையின் வலிமையை அளக்கும் இன்றைய டயாப்டர் கணக்கில் ஏறத்தாழ 1.7 சிலிண்டர்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் யங் அல்ல. குறை கருவிழியிலா, உள்ளே இருக்கும் லென்ஸிலா என்று தெரிய வேண்டுமே? சிறு நுண்ணோக்கியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி, அது பொருந்தியிருந்த குழலின் விளிம்பில் மெழுகு பூசி, முக்கால்வாசி நிரம்பும்வரை குளிர்ந்த நீரை ஊற்றி, அப்படியே கண்ணோடு அமுக்கிக்கொண்டார். கருவிழிக்கு முன்னால் நீர் இருந்தால் கருவிழியின் வளைவு கணக்கில் வராது. சிதறல் அப்போதும் இருந்தது. ஆகவே குறை லென்ஸில்தான் என்று முடிவு கட்டினார். அவர் கண்ணுக்கு அது சரி. பெரும்பாலானவர்களுக்கு முக்கியக் காரணம் கருவிழியின் வளைவுதான். அவருக்கு வாய்த்தது விதிவிலக்கான கண்.

அந்த உரையில் ஒரு வியாபாரியின் பேச்சும் இடம்பெற்றிருக்கிறது. கேரி என்ற கருவி செய்பவரிடம் யங் தன் கண்ணைப் பற்றிச் சொன்னாராம். கேரிக்கு அது புதிதாகவே இல்லை. கிட்டப்பார்வைக்காரர்கள் சிலர் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரிகிறது என்பார்கள், நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன் என்றார். அறிஞர் கண்டுபிடிக்கும் முன்பே கடைக்காரருக்குத் தெரிந்திருந்த விஷயம் இது. இன்றும் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாருங்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை விரலால் தூக்கிப் பிடிப்பவர் ஒருவராவது இருப்பார்.

யங் அளந்தார், ஆனால் கண்ணாடி செய்துகொள்ளவில்லை. அதைச் செய்தவர் ஜார்ஜ் பிடெல் ஏரி. கேம்பிரிட்ஜில் இருந்தபோது, தான் வலக்கண்ணால் மட்டுமே படிக்கிறோம், இடக்கண் சும்மா திறந்திருக்கிறது என்பதைக் கவனித்தார். ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அளவுகோலின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். 6 அங்குலத்தில் துளை ஒரு சாய்ந்த கோடாகத் தெரிந்தது. செங்குத்திலிருந்து சுமார் 35 பாகை சாய்வு. மூன்றரை அங்குலத்தில் அதற்கு நேர்குறுக்காக இன்னொரு கோடு. இரண்டு தூரமும் ஒரு சாய்வும் கையில் கிடைத்துவிட்டன. வேண்டியது அவ்வளவுதான். ஒரு பக்கம் உருளை வளைவும் மறுபக்கம் கோள வளைவுமாக வில்லை கணக்கிட்டு, இப்ஸ்விச் நகரத்துக் கண்ணாடிக்காரர் ஃபுல்லரிடம் தேய்க்கச் சொன்னார். 1825 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் இதைப் படித்தபோது அவருக்கு வயது 23. தன் கண்ணுக்கான மருந்துச்சீட்டைத் தானே எழுதிக்கொண்டவர் அவர்.

பிற்காலத்தில் அரச வானியலாளரான இந்த ஏரிக்கு நம் நாட்டோடும் ஒரு கணக்கு உண்டு. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தொடங்கிய நில அளவை வடக்கே போய்ச் சேர்ந்தபோது, இமயமலை இழுக்க வேண்டிய அளவுக்குத் தூக்குக்குண்டு சாயவில்லை. 1855-ல் அதற்கு விளக்கம் சொன்னவர்களில் ஏரியும் ஒருவர்: மலைக்கு அடியில் லேசான பொருளாலான வேர் இருக்கிறது, அதனால்தான் இழுப்புக் குறைகிறது என்றார். விழியானாலும் மலையானாலும் அந்த மனிதர் சாய்வைக் கண்டுவிட்டால் விடமாட்டார் போலிருக்கிறது. தன் இடக்கண்ணையும் நாற்பது ஆண்டுக்கும் மேலாக அவ்வப்போது அளந்து குறித்து வந்தார்.

குறைக்கு "அஸ்டிக்மாடிசம்" என்ற பெயரை ஏரிக்குச் செய்துகொடுத்தவர் வில்லியம் ஹ்யூவெல். கிரேக்கத்தில் புள்ளி என்ற சொல்லை எடுத்து, முன்னால் "இல்லை" என்பதை ஒட்டிவிட்டார். பெயர் வந்தும் பல ஆண்டுகள் அது கேம்பிரிட்ஜ் விசித்திரமாகவே கிடந்தது. 1860-களில் உட்ரெக்ட் நகர மருத்துவர் டோண்டர்ஸ்தான் கண் கண்ணாகச் சோதித்து, இது அபூர்வமல்ல, ஊரெல்லாம் இருக்கிறது என்று காட்டினார். மெல்லிய பிளவு கொண்ட தட்டைக் கண்முன் வைத்துச் சுழற்றி, எந்தத் திசையில் எழுத்து தெளிகிறது என்று பார்ப்பது அவர் வழி. அதே காலத்தில்தான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜான் கிரீன், கடிகார முகப்புப் படத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தெற்குவீதியில் என்னைப் பயமுறுத்திய அதே படம்.

கடிகாரத்தின் கணக்கு எளிது. அழுத்தமாகத் தெரியும் கோட்டின் இரண்டு மணிகளில் சிறியதை எடுத்து 30-ஆல் பெருக்கினால் மைனஸ் சிலிண்டரை வைக்க வேண்டிய திசை, அதாவது ஆக்சிஸ், கிடைக்கும். 2-8 என்றால் 60. நான் பார்த்த 5-11 என்றால் 150. நான் சொன்ன 12-6 என்றால் ஆறு முப்பது 180. முப்பது பாகை பிசகு. சிலிண்டரை முப்பது பாகை தவறாக வைத்தால் மிச்சமாகும் சிதறல், கண்ணாடியே போடாதபோது இருந்த அதே அளவு. திசை மட்டும் மாறியிருக்கும். கண்ணாடிக்குக் கொடுத்த காசும் போய், விளக்கின் வாலும் போகாமல் திரும்பிக்கொண்ட ரகசியம் இதுதான். பத்துப் பாகை தவறினாலே மூன்றில் ஒரு பங்கு பலன் போய்விடும். வட்டக் கண்ணாடிக்குள் வில்லை லேசாகத் திரும்பிக்கொண்டால் சிலருக்குத் தலைவலி வருவது இதனால்தான்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஒரு பலவீனம் உண்டு. உட்கார்ந்திருப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது லேசில்லை. டாக்டர் மனம் கோணக்கூடாது என்று "நல்லாத் தெரியுதுங்க" என்பார்கள். எழுத்துப் படிக்கத் தெரியாததை மறைக்க "மங்கலா இருக்கு" என்பார்கள். என்னைப் போல் நல்ல பிள்ளை விடை சொல்பவர்களும் உண்டு. கேட்காமலே கண்டுபிடிக்க வழியில்லையா?

இதற்கு இரண்டு வழிகள் கிளைத்தன. ஒன்று, கருவிழியை முகக்கண்ணாடியாகப் பாவித்து அதில் விழும் பிம்பத்தை அளப்பது. போர்ச்சுக்கல்லின் பிளாசிடோ 1880-ல் ஒரு தட்டு செய்தார். ஒன்றுக்குள் ஒன்றாகக் கறுப்பு வெள்ளை வளையங்கள், நடுவில் பார்க்க ஒரு துளை. எதிரே இருப்பவரின் கருவிழியில் அந்த வளையங்கள் விழும். வட்டமாக விழுந்தால் பந்து. நீள்வட்டமாக நசுங்கினால் பலாப்பழம். இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் கருவிழி வரைபட இயந்திரங்கள் பலவற்றுக்குள்ளும் இந்த வளையங்கள்தான் ஒளிர்கின்றன. அடுத்த ஆண்டு பாரிஸில் ஜாவாலும் ஷியோட்ஸும் சேர்ந்து இதை எண்ணாக மாற்றும் கருவியைக் கொண்டுவந்தார்கள். கருவிழியில் இரண்டு சிறு உருவங்களின் பிம்பம் விழும்; ஒன்று கட்டம், மற்றொன்று படிக்கட்டு. ஒரு திசையில் இரண்டும் தொட்டு நிற்கும்படி வைத்து, கருவியைத் தொண்ணூறு பாகை திருப்பினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். எத்தனை படி ஏறுகிறதோ அத்தனை டயாப்டர்.

எமில் ஜாவாலைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். சுரங்கப் பொறியாளராக இருந்தவர். மாறுகண் அவர் குடும்பத்தில் இருந்ததால் கண் மருத்துவத்துக்கு வந்தார். ஊரார் கண்ணை டயாப்டர் டயாப்டராக அளந்த அவரைக் கண்ணழுத்த நோய் பிடித்து, கடைசியில் இரு கண்ணும் போயின. குருடானவர் எப்படி வாழலாம் என்று 1903-ல் தன் அனுபவத்தையே புத்தகமாக எழுதிவிட்டு, 1907-ல் இறந்தார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் ராபர்ட் ஹென்றி எலியட் அதே நோய்க்கு கருவிழியின் ஓரத்தில் சிறு துளையிடும் அறுவையைச் செய்யத் தொடங்கினார். அது உலகெங்கும் அவர் பெயரால் பரவியது. 1819-ல் கம்பெனி காலத்தில் தொடங்கிய மருத்துவமனை அது.

இரண்டாவது வழிதான் நம் ஊர்களுக்கு வரப்பிரசாதம். 1859-லேயே லண்டனில் பௌமன், கண்ணுக்குள் எதிரொளிக்கும் கண்ணாடியால் ஒளி அடிக்கும்போது சில கண்களில் நிழல் கோடாக ஓடுவதைக் கண்டார். 1873-ல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் குய்ன்யே அதை ஒரு சோதனையாகவே ஆக்கினார். இருட்டறையில் கைநீளத் தூரத்தில் உட்கார்ந்து, ஒளியை அசைக்க வேண்டும். கண்மணிக்குள் தெரியும் செம்மஞ்சள் ஒளி, நம் அசைவோடு கூடவே போகிறதா, எதிர்த்து ஓடுகிறதா? வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து அந்த ஓட்டம் நிற்கும் இடத்தைப் பிடித்தால் பவர் கிடைத்துவிடும். சிதறல் உள்ள கண்ணில் ஒரு திசையில் ஓட்டம் நின்றும் குறுக்கே நிற்காது. அந்த ஒளி கருவிழியிலிருந்து வருகிறது என்று குய்ன்யே நினைத்து அதன்படிப் பெயரும் வைத்தார். உண்மையில் அது விழித்திரையிலிருந்து வருகிறது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். காரணம் தப்பு, முறை சரி. 1920-களில் அமெரிக்காவின் கோப்லண்ட் வட்ட ஒளிக்குப் பதில் ஒரு கீற்றை ஓடவிட்டார். கருவி கீழே விழுந்து பல்பின் இழை வளைந்ததால் கிடைத்த யோசனை அது என்று ஒரு கதை உண்டு. கீற்றைச் சுழற்றினால், சாய்ந்த சிதறலின் திசை தானே வந்து கீற்றோடு ஒட்டிக்கொள்ளும்.

ரெட்டினோஸ்கோப்பி என்கிற இந்த வித்தைக்கு வாய்ப்பேச்சு வேண்டாம். கைக்குழந்தைக்குச் செய்யலாம், எழுத்து தெரியாதவருக்குச் செய்யலாம், பள்ளிக்கு மட்டம் போடக் கண் தெரியவில்லை என்பவனுக்கும் செய்யலாம். எங்கள் தென்னாற்காட்டுப் பள்ளிகளில் கண் முகாம் நடந்த நாட்களில், வகுப்பறை ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கி, உள்ளே டார்ச் போல ஒன்றை ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்குப் புரியும். வெளியே வரிசையில் நின்ற எங்களுக்கு அது டார்ச் அடிக்கிற டாக்டர், அவ்வளவுதான். பிறகு 1985-ல் சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி வந்தது. இப்போது அது சிதம்பரத்தில் இருந்துகொண்டே கடலூரின் பெயரைத் தாங்கிய அரசுக் கல்லூரி. 2003-ல் புதுச்சேரி-கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை வந்தது. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டாண்டு பழக்கி, கண்ணளக்கும் வேலையை அவர்கள் கையில் ஒப்படைத்த அமைப்பு அது. குய்ன்யேயின் ஒளியை இன்று நம் பக்கத்தில் அதிகம் ஆட்டுவது அந்தப் பெண்களின் கைகளாகத்தான் இருக்கும்.

கடைகளில் இப்போது "கம்ப்யூட்டர் டெஸ்ட்". தாடையை வைத்து உள்ளே பார்த்தால் நீண்ட சாலை, கோடியில் ஒரு பலூன். தூரத்தைப் பார்க்கிறோம் என்று கண்ணை நம்பவைத்துத் தளர்த்துவதற்கான ஏற்பாடு அது. சில விநாடியில் சிலிண்டரும் ஆக்சிஸும் சீட்டில் வந்துவிடும். அந்தச் சீட்டை அப்படியே கண்ணாடியாக்கித் தருகிற கடையை விட்டு விலகிப் போங்கள். இயந்திரம் சொல்வது தொடக்கம்தான். முடிவை மறுபடி நோயாளியிடமே கேட்க வேண்டும். அதற்கான கருவி ஒரு பிடி வைத்த சின்ன வில்லை.

1849-ல் கேம்பிரிட்ஜின் ஸ்டோக்ஸ், பிளஸ் சிலிண்டர் ஒன்றையும் மைனஸ் சிலிண்டர் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலவிட்டுச் சிதறலை அளக்கும் வில்லை ஒன்றைச் செய்திருந்தார். அமெரிக்காவின் எட்வர்ட் ஜாக்சன் 1887-ல் அந்த இரண்டையும் குறுக்காக ஒட்டிச் சுழலாமல் நிறுத்தினார். வலிமையைச் சரிபார்க்க அது உதவியது. 1907-ல் அதைக் கொண்டே திசையையும் சரிபார்க்கலாம் என்று காட்டினார். பிடியைச் சிலிண்டரின் திசையில் வைத்துக்கொண்டு பல்டி அடிக்க வைக்க வேண்டும். இதுவா, அதுவா? ஒரு பக்கம் தெளிவு என்றால் திசையை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்து. மறுபடி பல்டி. நூறு ஆண்டு கடந்தும் இதை அசைக்க எதுவும் வரவில்லை.

சென்ற மாதம் என் கண்ணைக் காட்டக் கடலூரில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அதே அறையில் எனக்கு முன்னால் ஓல்டு டவுன் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆயா, எண்பதைத் தொட்டிருப்பார். சோதனைச் சட்டம் அவர் மூக்கில் நிற்காமல் வழுகிக்கொண்டிருந்தது. சோதித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. எழுத்துக்குப் பதில் சுவரில் புள்ளிக் கூட்டம்.

"ஆயா, இது நல்லாருக்கா..." பல்டி. "இது நல்லாருக்கா?"

"மொத சொன்னதுதான் கண்ணு."

சிலிண்டரை இத்தனூண்டு திருப்பினாள். "இப்போ? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டாவது."

இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம். பல்டி. ஆயா பேசவில்லை. மறுபடி பல்டி. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். என் தெற்குவீதி நாற்காலி எனக்கு ஞாபகம் வந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்குது" என்றார் கடைசியில். "எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. கோச்சுக்காத."

"அதைச் சொல்லத்தான் ஆயா இவ்ளோ நேரம் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்று அந்தப் பெண் சட்டத்தின் எண்ணைக் குனிந்து பார்த்து, சீட்டில் 95 என்று எழுதினாள்.

(தொடரும்)